கொக்கிரகுளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும்?

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். "நல்ல செய்தியாளரை உருவாக்குவது உள்ளூர்த் தொலைக்காட்சியா, சென்னைத் தொலைக்காட்சியா?" என்பது தலைப்பு. உள்ளூர்தான் என்பது எங்கள் கட்சி.

உள்ளூர் சேனலில் சம்பளம் கம்மி, கருவி பழசு, ஒரே ஆள் நாலு வேலை பார்க்கணும் என்று எதிரணி அண்ணாச்சி அடுக்கினார். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றாவதைக் குறை என்றாரே, அங்கேதான் எனக்குப் பேச்சே தொடங்குகிறது.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேளம், கூட்டத்தின் முழக்கம், போதாததற்கு ஆனி மாதக் காற்று. சட்டையில் குத்தும் காலர் மைக் அங்கே சுத்தமாக உதவாது. கை மைக் வேண்டும். பஞ்சு உறை மாட்டி, வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடிக்க வேண்டும். கேமராவில் ஒலி அளவை ஆட்டோவில் விட்டால், பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் மேளச் சத்தம் குபீரென்று மேலே ஏறும். அதனால் அளவைக் கையால் நிறுத்தி வைக்க வேண்டும். கூட்டத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து, எடிட்டில் அடியில் ஓட விட வேண்டும். உள்ளூரில் காலையில் தேரடியில் பேசியவரே சாயங்காலம் எடிட்டில் உட்காருகிறார். தன் பிசகைத் தன் காதாலேயே கேட்கிறார். ஸ்டுடியோ நாற்காலியை விட்டு இறங்காதவருக்கு இது எப்படி வாய்க்கும்?

உச்சரிப்புக்குச் சென்னைதான் என்றார்கள். 1975-ல் சென்னைத் தூர்தர்ஷன் வந்த நாளிலிருந்து அதற்கு அங்கே பெரிய மரபு உண்டு, வணங்குகிறேன். ஆனால் "பாபநாசத்தில் கனமழை" என்று பிசிறில்லாமல் வாசித்தால் போதுமா? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாபநாசம், நமக்கு ஒரு பாபநாசம். ராமநாதபுரத்தில் ஓர் ஏர்வாடி, களக்காட்டுப் பக்கம் ஓர் ஏர்வாடி. மாவட்டத்தைச் சொல்லாமல் விட்டால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை பதறிப்போய் வீட்டுக்குப் போன் போடும்.

அடுத்தது வெள்ளம். என் வாதத்தில் கனமான இடம் இதுதான். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அடி என்பது நீர்மட்டம். விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓட்டம். அவசரத்தில் இந்த இரண்டையும் குழப்பி வாசிப்பது அடிக்கடி நடக்கிற தவறு. அதைவிடப் பெரிய தவறு, பாபநாசத்தில் திறந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவது. மாநகருக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கிற கொக்கிரகுளத்துக்கு வருவது அது மட்டுமா? மணிமுத்தாற்றுத் தண்ணீர் சேரும், திருப்புடைமருதூரில் கடனாநதி கலக்கும். கூட்டிச் சொன்னால்தான் ஆற்றோரத்துச் சிந்துபூந்துறைக்காரர் பாத்திரம் பண்டத்தை மேலே ஏற்றுவார். சிற்றாறோ சீவலப்பேரியில், மாநகருக்குக் கீழேதான் கலக்கிறது. அது திருவைகுண்டத்துக்காரருக்கான கணக்கு.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அணைக்குக் கீழே பெய்த மழை அது. குளங்கள் உடைந்தன, திருவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கினார்கள். அணைக் கணக்கை மட்டும் வாசித்தவருக்கு அது பிடிபட்டிருக்காது. எந்தக் குளம் நிரம்பினால் எந்த ஓடை வழியாக எந்த ரோட்டை அறுக்கும் என்று தெரிந்தவர்தான் அன்றைக்குத் தேவைப்பட்டார். மின்சாரம் போனால் கேபிளும் படுத்துவிடும் என்பீர்கள். ஆமாம், மறுக்கவில்லை. கேபிள் படுத்தாலும் அவர் தலைக்குள் இருக்கிற ஊர் படுக்காது. செல்போனில் நாலு வரி சொன்னாலும் அதுதான் செய்தி.

கடைசியாகச் சம்பளம். அது உயர வேண்டும்; எதிரணியோடு சேர்ந்து நானும் கேட்கிறேன். அதுவரை சேருகிற பிள்ளைகள் ஒன்று செய்யட்டும். நிர்வாகத்தின் அனுமதியை முதலிலேயே வாங்கிக்கொண்டு, தாங்கள் செய்த வேலையின் பிரதியை வாராவாரம் தனி ஹார்டு டிஸ்கில் சேர்க்கட்டும். சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அதிலிருந்து தொகுத்த மூன்று நிமிட மாதிரி வீடியோ போதும். அதில் ஸ்டுடியோ வாசிப்பை முதலில் வைக்க வேண்டாம். எழுதி வைக்காமல், மழையில் நின்று, ஊர்ப் பெயரும் கணக்கும் பிசகாமல் பேசிய 40 விநாடியை முதலில் வைக்கட்டும். அந்த 40 விநாடியை இங்கேதான் சம்பாதிக்க முடியும் நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். வணக்கம்.