ஆடாத வாரத்தில் இடம் மாறியது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் தேர்வு

[திரையில்: இரண்டு அட்டைகள். நோட்டர் டேம், 10 வெற்றி 2 தோல்வி. மயாமி, 10 வெற்றி 2 தோல்வி.]

2025 டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை. தேர்வுக் குழுவின் பட்டியலில் நோட்டர் டேம் 10-ஆம் இடம், மயாமி 12-ஆம் இடம். அடுத்த ஐந்து நாளில் இந்த இரண்டு அணிகளுமே மைதானத்தில் இறங்கவில்லை. டிசம்பர் 7, ஞாயிறு. கடைசிப் பட்டியல் வந்தது. மயாமி 10, நோட்டர் டேம் 11. சாம்பியன் யார் என்று முடிவாகும் பிளேஆஃபில் மயாமிக்கு இடம் கிடைத்தது. நோட்டர் டேம் வெளியே.

ஆடவே இல்லை, இடம் மட்டும் மாறிவிட்டது. எப்படி என்று பார்க்கலாம்.

[திரையில்: நீள்வட்டப் பந்து, ஹெல்மெட்]

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி அளவில் அதன் உச்சப் பிரிவில் 2025-இல் இருந்தவை 136 அணிகள். மோதி விழுந்து எழும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது. வழக்கமான சீசன் 12 ஆட்டங்கள்தான். அப்படியென்றால் ஓர் அணி மற்ற 135 அணிகளில் பெரும்பாலானவற்றைச் சந்திப்பதே இல்லை. லேசான எதிரிகளை அடித்து 11 வெற்றி எடுத்த அணியும் இருக்கும், பலசாலிகளோடு மோதி 9 வெற்றி எடுத்த அணியும் இருக்கும். புள்ளிப் பட்டியலை வைத்து இவர்களில் யார் மேல் என்று சொல்ல முடியாது. யாராவது உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

[திரையில்: "பவுல்" ஆட்டங்கள்]

சீசன் முடிந்ததும் நடக்கும் சிறப்பு ஆட்டங்களுக்குப் பெயர் பவுல். முதலாவது 1902-இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்தது. மிஷிகன் ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வென்றது. இன்று ஏறத்தாழ 40 பவுல்கள். சாதாரண பவுலுக்குப் போக ஆறு வெற்றி போதும். கீழ்ப்பிரிவு அணிகளை வென்ற கணக்கில் ஒன்றைத்தான் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு வெற்றி எடுத்த அணிகள் போதவில்லை என்றால், ஐந்து வெற்றி அணிகளை வீரர்களின் படிப்பு முன்னேற்ற மதிப்பெண் வரிசையில் கூப்பிடுவார்கள். 2015 சீசனில் நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றும் அப்படித்தான் வந்தன, மூன்றுமே ஜெயித்தன. எந்த அணி எந்த பவுலுக்கு என்பது கான்ஃபரன்ஸ்களும் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) பவுல் நிர்வாகங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். டிக்கெட் வாங்கி எத்தனை ரசிகர்கள் பயணம் செய்து வருவார்கள், டிவியில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதும் அதில் பேசும்.

பெரிய சண்டை பிளேஆஃபில்தான். 2014 முதல் 2023 வரை நான்கு அணிகள். 2024-இலிருந்து பன்னிரண்டு.

[திரையில்: 13 நாற்காலிகள், ஒரு நீள மேசை]

தேர்வுக் குழுவில் 13 பேர். கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், முன்னாள் வீரர்கள் போன்றவர்கள். டெக்சஸ் மாநிலம் கிரேப்வைனில் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். தனக்குச் சம்பளம் தரும் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்த அணிக்கு ஓட்டும் போட முடியாது.

ஓட்டு நடக்கும் விதத்தைக் கவனியுங்கள், விடை இங்கேதான் இருக்கிறது. முதலில் ஒவ்வொருவரும் 30 அணிகளை வரிசை இல்லாமல் எழுதித் தருவார்கள். மூன்று பேராவது எழுதிய அணி பரிசீலனைக்கு வரும். அடுத்து, மிகச் சிறந்த ஆறு எவை என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். அதிகம் பேர் குறித்த ஆறு அணிகள் மேசைக்கு வரும். விவாதம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அந்த ஆறுக்கும் 1 முதல் 6 வரை எண் போடுவார்கள். 13 பேரும் ஒரே அணிக்கு 1 போட்டால் அதன் மொத்தம் 13. அதைவிடக் குறைவாக வர வழியில்லை. குறைந்த மொத்தம் வாங்கிய மூன்று அணிகளுக்கு முதல் மூன்று இடம். மீதி மூன்றும் அடுத்த சுற்றுக்குப் போகும், அவற்றோடு புதிதாக மூன்று சேரும். முதல் மூன்று சுற்றுகள் இப்படி. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நான்கு இடங்கள் நிரம்பும். மொத்தம் ஏழு சுற்றில் 25 இடங்களும் நிரம்பிவிடும்.

அதாவது 136 அணிகளையும் ஒரே மூச்சில் ஒப்பிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடி அணிகள்தான். இரண்டு அணிகள் ஒரே கைப்பிடிக்குள் வராத வரை, அவை நேருக்கு நேர் மோதிய முடிவுக்கு வேலையே இல்லை.

[திரையில்: ஆகஸ்ட் 31. மயாமி 27, நோட்டர் டேம் 24]

சீசனின் முதல் வாரத்திலேயே மயாமி நோட்டர் டேமை வென்றிருந்தது. ஆனால் பின்னர் லூயிவில்லிடமும் எஸ்எம்யுவிடமும் தோற்றதால், நவம்பர் 4-இல் வந்த குழுவின் முதல் பட்டியலில் மயாமிக்கு 18-ஆம் இடம். நோட்டர் டேம் 10. இடையில் ஏழு அணிகள். அதனால் அந்த 27–24 மேசைக்கே வரவில்லை. வாரம் வாரமாக மயாமி ஏறி வந்தது. டிசம்பர் 2-இல் இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது பிரிகம் யங் மட்டும். அந்தச் சனிக்கிழமை பிரிகம் யங் டெக்சஸ் டெக்கிடம் 34–7 என்று தோற்றுக் கீழே இறங்கியது. மயாமியும் நோட்டர் டேமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. அப்போதுதான் ஆகஸ்ட் ஆட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். குழுத் தலைவர் ஹன்டர் யுராசெக் சொன்ன காரணமும் இதுதான்.

11-ஆம் இடத்தில் இருந்தும் 12 அணிக்குள் வர முடியாதது ஏன்? தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்பது 2025-இல் இருந்த விதி. 20-ஆம் இடத்தில் இருந்த டுலேனும், 24-இல் இருந்த ஜேம்ஸ் மேடிசனும் அந்த வழியில் உள்ளே வந்தன. மற்றவர்களுக்குப் 10-ஆம் இடத்தோடு கதவு மூடியது.

நோட்டர் டேம் பக்கமும் நியாயம் உண்டு. அதன் இரண்டு தோல்விகளில் ஒன்று மயாமியிடம் மூன்று புள்ளியில், மற்றொன்று டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41–40, ஒரே புள்ளியில். பிறகு வரிசையாகப் பத்து வெற்றி. ஐந்து வாரமாக "நீங்கள் மேலே" என்று சொல்லிவிட்டு, ஆடாத வாரத்தில் கீழே இறக்கினால் வயிறு எரியத்தான் செய்யும். நோட்டர் டேம் வேறு எந்த பவுலும் வேண்டாம் என்று சீசனை முடித்துக்கொண்டது.

இன்னொரு முரணும் அதே நாளில். கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் தோற்றதற்காக பிரிகம் யங் இறங்கியது. ஜார்ஜியாவிடம் 28–7 என்று தோற்ற அலபாமா 9-ஆம் இடத்திலிருந்து அசையவில்லை. செப்டம்பரில் ஜார்ஜியாவை அதன் சொந்த மண்ணில் வென்றது, கடினமான ஆட்ட அட்டவணை என்று அலபாமாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் ஒரே மாதிரித் தோல்விக்கு இரண்டு அளவுகோல் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

[திரையில்: 2023, ஃப்ளோரிடா ஸ்டேட், 13–0]

இதைவிடக் கசப்பானது 2023. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டத்திலும் வென்று ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் சாம்பியன். நவம்பர் 18-இல் அதன் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் காலில் பலத்த அடிபட்டு வெளியேறினார். அவர் இல்லாமலும் ஃப்ளோரிடாவை 24–15, லூயிவில்லை 16–6 என்று வென்றார்கள். முக்கிய வீரர் ஆட முடியாத நிலையையும் பார்க்கலாம் என்று விதிமுறையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நான்காம் இடத்தைக் கொடுத்தார்கள். இது தவறான முடிவு. அந்த விதி, நடந்ததை எடை போடுவதை விட்டு, நடக்கப்போவதை ஊகிக்கச் சொல்கிறது. பிறகு ஆரஞ்சு பவுலில் ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் அதன் முக்கிய வீரர்கள் பலர் இறங்கவே இல்லை. அதே போல, 2025 சீசனில் மயாமி இறுதிவரை போனதால் தேர்வு சரி என்று சொல்வதும் பொருந்தாது. டிசம்பர் 7-இல் யாருக்கும் அது தெரியாது.

சரிசெய்ய வழி இருக்கிறது. நவம்பரில் வாரந்தோறும் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தலாம். அது டிவி நிகழ்ச்சிக்குத்தான் உதவுகிறது, போன வார எண் இந்த வார விவாதத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெற்றி தோல்விக் கணக்கு சமமாக இருக்கும் இரண்டு அணிகள் மோதியிருந்தால், எத்தனை இடம் தள்ளி இருந்தாலும் முதலில் அந்த முடிவை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

[திரையில்: வெற்றுப் பட்டியல், 1 முதல் 12]

அதுவரை, அடுத்த நவம்பரில் பட்டியல் வரும்போது 8 முதல் 12 வரை உள்ள இடங்களைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களில் யார் யாரோடு ஏற்கெனவே மோதியிருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் எந்த அணி நிற்கிறது, அந்த அணிக்குக் கடைசிச் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.