உள்ளே பதினாலு பேர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம். நான் முடிக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும் மனநிலையில் அவர்கள் இருப்பார்களா என்று தெரியாது.

போனில் பாதுகாப்புச் செயலி போடாமல் மக்கள் தவிர்ப்பதற்குக் காரணம் அலட்சியமா, அவநம்பிக்கையா? இதுதான் தலைப்பு. அவநம்பிக்கையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் எங்கள் அணியைப் பார்த்து ஒரு போடு போட்டார். "போனுக்கு உறை போடுவாங்க, மேலே கண்ணாடி ஒட்டுவாங்க, உள்ளே மட்டும் ஒண்ணும் போட மாட்டாங்க. வாசலுக்கு வெள்ளையடிச்சுட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குற கூட்டம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் என் மாமனாரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

என் மாமனார் முப்பது வருடம் கணக்குத் தணிக்கை செய்தவர். எதைக் காட்டினாலும் "எதுக்கு?" என்பார். பெண் கேட்டு நான் போய் நின்றபோது என்னைப் பார்த்தும் அதைத்தான் கேட்டார். அவருடைய போனில் நான் ஒரு பாதுகாப்புச் செயலியைப் போட்டேன். அக்கறைதான், வேறென்ன. திறந்ததும் செயலி கேட்டது: தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?

"எதுக்கு?" என்றார்.

"பாதுகாப்புக்குத்தான் மாமா."

"யாரோட பாதுகாப்புக்கு?"

நான் பதில் சொல்லாமல் 'அனுமதி'யை அழுத்தினேன். அடுத்து, இருப்பிடம். "என் வீடு அவனுக்கு எதுக்கு மாப்பிள்ளை? வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வரச் சொல்லுங்க." அழுத்தினேன். அடுத்து, கேமரா. "இருங்க, சட்டை போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தே போய்விட்டார். திரும்பி வந்தபோது தலையும் வாரியிருந்தார். கடைசியில் மைக். குரலைத் தாழ்த்தி, "இப்ப நாம பேசுறதும் அவனுக்குக் கேக்குமா?" என்றார். அடுத்த அரை மணி நேரம் அந்த வீட்டில் எல்லோரும் சைகையில்தான் பேசினோம்.

நியாயமாகச் சொன்னால், தொலைந்த போனைத் தேட இருப்பிடம் வேண்டும். பூட்டைத் தப்பாகத் திறக்கப் பார்ப்பவனைப் படம் பிடிக்கக் கேமரா வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காரணத்தை அது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் அல்லவா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பீரோ சாவியைக் கேட்கும் காவல்காரனை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

கதை இன்னும் முடியவில்லை. அன்று இரவு 11 மணி. போன் வருகிறது. எதிர்முனையில் கிசுகிசு: "மாப்பிள்ளை, உள்ளே பதினாலு பேர் இருக்காங்க."

நான் அரைத் தூக்கத்தில் சட்டையைத் தேடுகிறேன். "மாமா, கதவைச் சாத்திக்கங்க, நான் போலீசுக்குச் சொல்றேன்."

"போலீசெல்லாம் வேண்டாம். அவனே பிடிச்சுத் தர்றேன்கிறான். எண்ணிச் சொல்றது இலவசமாம், பிடிக்கிறதுக்குத்தான் காசாம்."

அப்போதுதான் புரிந்தது, செயலியைச் சொல்கிறார். '14 ஆபத்துகள் கண்டறியப்பட்டன, நீக்குவதற்குச் சந்தா செலுத்தவும்' என்று திரை முழுக்கச் சிவப்பு. காலையில் பார்க்கலாம் என்று சொல்லிப் படுத்தேன். காலையில் மறுபடி போன். "மாப்பிள்ளை, பதினேழு ஆயிட்டாங்க. ராத்திரி நான் தூங்கிட்டேன். அவன் முழிச்சிட்டுத்தானே இருந்தான்? அந்த மூணு பேருக்குக் கதவைத் திறந்து விட்டது யாரு?"

நடுவர் சிரிக்கிறார். எழுதுபவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பின்வரிசையில் கேட்காதவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: வீட்டுக்காரர் தூங்கிவிட்டார், காவல்காரன் விழித்திருந்தான், காலையில் மூன்று பேர் கூடுதல். ஒரு தணிக்கையாளர் கேட்கிற கேள்வி இது. இதற்கு எந்த நிறுவனத்தின் உதவி மையத்திலும் பதில் கிடைக்காது.

நேரில் போய் அந்தப் பதினான்கு பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தேன். ஒன்பது பேர் மிச்சம் மீதியாகக் கிடந்த தற்காலிகக் கோப்புகள். நான்கு பேர், மாமனார் மாதக்கணக்கில் திறக்காத செயலிகள். பதினான்காவது ஆள் மட்டும் உண்மையானவன்: 'திரைப் பூட்டு போடப்படவில்லை.' அதை மட்டும் கடைசியில், சின்ன எழுத்தில். ஏன் தெரியுமா? அதைச் சரிசெய்யக் காசு வேண்டாம்.

சரி, அம்மையாரின் உறைக்கும் கண்ணாடிக்கும் வருகிறேன். ஏன் ஒட்டுகிறோம்? போன் கைதவறி விழுகிறது. ஒட்டிய கண்ணாடி சில்லுச் சில்லாகிறது, உள்ளே இருக்கும் திரை பிழைத்துக்கொள்கிறது. அடி யார் மேல் விழுந்தது என்று கண்ணால் பார்க்கிறோம், அடுத்த முறையும் ஒட்டுகிறோம். பாதுகாப்புச் செயலி வேலை செய்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வேலை செய்யாவிட்டால்? அப்போதும் ஒன்றும் தெரியாது! இரண்டுக்கும் ஒரே பச்சை டிக்.

அந்த டிக்கை மட்டும் தனியாகவே விற்றார்கள், அம்மையாரே. 2014-ல் கூகுள் பிளேயில் 'வைரஸ் ஷீல்ட்' என்று ஒரு செயலி. விலை ஏறத்தாழ 4 டாலர். தொட்டால் பெருக்கல் குறி டிக் குறியாக மாறும். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே வேறு எதுவுமே இல்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அம்பலமானதும் கூகுள் அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இவர்களெல்லாம் அலட்சியக்காரர்களா? பாதுகாப்பு வேண்டும் என்று பணம் கட்டி வரிசையில் நின்றவர்கள்!

இன்னொன்று, இதை மாமனாரிடம் சொன்னபோது அவர் அன்று முழுக்கச் சிரித்தார். ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்ற சோதனைக்கூடம் இருக்கிறது. 2019-ல் ஆண்ட்ராய்டுக்கான 250 வைரஸ் தடுப்புச் செயலிகளை எடுத்து, 2,000 தீய செயலிகளை அவற்றின் முன்னால் விட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பிடித்து, நல்லதைக் கெட்டது என்று சொல்லாமல் தேறியவை 80. சில செயலிகள் ஆளைச் சோதிக்கவே இல்லை. பெயரைப் பார்த்து, தன் பட்டியலில் இருந்தால் நல்லவன், இல்லாவிட்டால் திருடன் என்றன. செய்தவர்கள் தங்கள் செயலியின் பெயரையே பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். விளைவு? காவல்காரன் தன்னைத்தானே திருடன் என்று பிடித்துக் கொடுத்தான். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் உண்மை பேசிய காவல்காரன் அவன் ஒருவன்தான்.

நல்ல நிறுவனமாகப் பார்த்துப் போடலாமே என்பீர்கள். அவாஸ்ட், வைரஸ் தடுப்புத் தொழிலில் பெரிய பெயர். அதன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாகப் பயனர்களின் இணையப் பழக்கத் தகவல்களை விற்றது 2020-ல் வெளியே வந்தது. ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024-ல் அமெரிக்காவின் வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. 2022-ல் ஷார்க்பாட் என்ற வங்கிக் கணக்குத் திருடும் நிரல் கூகுள் பிளேக்குள்ளேயே நுழைந்தது. என்ன வேடம் போட்டு? வைரஸ் தடுப்புச் செயலி வேடம்! திருடனுக்கே தெரிந்திருக்கிறது, எந்தச் சீருடை போட்டால் கதவு திறக்கும் என்று.

போனே தன்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறது என்பதையும் இவர்கள் சொல்வதில்லை. ஐபோனில் ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. அங்கே வைரஸ் தேடுகிறேன் என்பவன் எங்கே போய்த் தேடுவான்? ஆண்ட்ராய்டில் 2017 முதல் பிளே ப்ரொடெக்ட் என்று கூகுளின் காவல்காரன் ஒன்று, போனில் உள்ள செயலிகளைக் கேட்காமலே சோதித்துக்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோர்மாக் ஹெர்லி 2009-லேயே எழுதினார்: பாதுகாப்பு அறிவுரைகளை மக்கள் ஒதுக்குவது முட்டாள்தனம் அல்ல, கணக்குப் போட்டுத்தான் ஒதுக்குகிறார்கள், அதைக் கடைப்பிடிக்க ஆகும் உழைப்பு வருகிற பலனைவிடப் பெரியது என்று. என் மாமனார் ஹெர்லியைப் படித்ததில்லை. ஹெர்லி என் மாமனாரைச் சந்தித்திருக்கலாம்.

மணி அடிக்கிறது. நடுவர் அவர்களே, 'பிறகு நினைவூட்டு' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இந்த மேசையில் இல்லையா? என் போனிலேயே இரண்டு அப்டேட் அப்படிக் கிடக்கிறது. அம்மையாருக்குக் கேட்டுவிடப் போகிறது. சரி, ஒரே ஒரு நிமிடம்.

அந்தச் செயலியை மாமனார் அடுத்த வாரமே நீக்கிவிட்டார். அதற்குச் சில மாதம் கழித்து அவருக்கு ஓர் அழைப்பு. "ஐயா, உங்க போன் பாதுகாப்பா இல்லைங்க. பதற்றப்படாதீங்க, ஒரு பாதுகாப்புச் செயலி அனுப்புறேன்." போட்டார். அது அவருடைய திரையை அப்படியே இன்னொருவனுக்குக் காட்டும் செயலி. சேமிப்பில் ஒரு பெரும்பகுதி அன்று மாலைக்குள் போய்விட்டது. பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததும் நான் கோபத்தில் கேட்டேன்: "எல்லாத்துக்கும் எதுக்குன்னு கேப்பீங்களே மாமா, அன்னைக்குக் கேக்கலையா?"

"கேட்டேன் மாப்பிள்ளை. ஒவ்வொண்ணுக்கும் கேட்டேன். அவன் பொறுமையா பதில் சொன்னான்."

நாற்பது நிமிடம் பேசியிருக்கிறான். நான் அவரிடம் சொன்னது "பாதுகாப்புக்குத்தான் மாமா" என்ற ஒரே வரி. அதையும் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். திருடன் அவரை ஐயா என்றான், கேட்டதற்கெல்லாம் விளக்கம் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்தப் பதினாலு பேர்ல இவன் ஒருத்தனா மாப்பிள்ளை?" கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அலட்சியமா, அவநம்பிக்கையா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நான் அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் இருந்த ஒவ்வொரு செயலியின் அனுமதியையும் திறந்து, எது எதற்கு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கேமரா என்று வந்தபோது சட்டை போட எழுந்து போகவில்லை.

வணக்கம்.