விசாரணைக் கடிதம் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

[திரையில்: சாட்ஸ்வொர்த், காலை நேரம். வேலைக்குப் போகிறவர்கள் பேருந்துக்கு நிற்கிறார்கள்.]

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் அரசு வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்காக இந்த வீடியோ. தொழிற்சங்கம் என்றதும் ஊர்வலமும் சம்பளப் பேச்சுவார்த்தையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். என்னைக் கேட்டால், தனி ஆளாக ஒருவர் மாட்டிக்கொள்ளும்போது கூட வந்து உட்காருவதுதான் சங்கத்தின் முதல் வேலை.

[திரையில்: மேசைமேல் பிரித்த கடிதம்.]

ஒரு மருத்துவமனைப் பதிவறையில் வேலை செய்யும் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பு ஒன்று காணவில்லை. அவர்தான் பொறுப்பு என்று ஒழுங்கு விசாரணைக் கடிதம் வருகிறது. பயத்தில் வீட்டில் என்ன சொல்வார்கள்? "அசிங்கப்பட வேணாம்க்கா, ராஜினாமா எழுதிக் குடுத்துடு."

தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அரசுத் துறைகளின் ஒழுங்கு விதிகளின்படி, விசாரணை நாளுக்குக் குறைந்தது 5 வேலைநாள் முன்னதாகக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்களோடு ஒரு சக ஊழியரோ, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் பிரதிநிதியோ உட்காரலாம். பொதுவாக வெளி வக்கீலை அங்கே கூட்டிப்போக முடியாது. அதனால்தான் சங்கத்து ஆள் அவ்வளவு முக்கியம்.

அந்த ஆளை ஷாப் ஸ்டூவர்ட் என்போம். உங்களோடு வேலை செய்கிறவர், நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். குற்றச்சாட்டைப் படிப்பார், ஆதாரம் எங்கே என்று கேட்பார், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார். வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல், நியாயமான அளவு நேரம் இதற்கு எடுத்துக்கொள்ள அவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு.

[திரையில்: நாட்காட்டி. 5, 30, 90 என்ற எண்கள்.]

இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் மேல்முறையீட்டுக்கு 5 வேலைநாள். வேலையை விட்டு நீக்கிவிட்டால், வழக்கை உங்கள் துறைக்கான பேரப் பேரவைக்கு, அதாவது அரசும் சங்கங்களும் சேர்ந்து உட்காரும் பார்கெய்னிங் கவுன்சிலுக்கு, கொண்டுபோக 30 நாள். பதவி உயர்வில் அநியாயம் போன்ற புகார்களுக்கு 90 நாள். பேரவையில் முதலில் சமரசப் பேச்சு. அது முறிந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் ஒருவர் இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். நீக்கியது அநியாயம் என்று நடுவர் கண்டால், திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம். இல்லையென்றால் நஷ்டஈடு, சாதாரண வழக்கில் அதிகபட்சம் 12 மாதச் சம்பளம்.

நல்ல வழக்குகூட நாள் தப்பியதால் சிக்கலாகிவிடும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம்தான், ஆனால் காரணம் பலமாக இருக்க வேண்டும்.

[திரையில்: பழைய டர்பன், மேகசின் பாரக்ஸ்.]

இதெல்லாம் சும்மா வந்த உரிமை இல்லை. டர்பன் நகராட்சியில் குப்பை அள்ளிய, தெருக் கூட்டிய தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சிக் குடியிருப்பில்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சம்பளம் கொடுத்ததும் நகராட்சி, கூரை கொடுத்ததும் நகராட்சி. அப்படி இருந்தால் எதிர்த்துப் பேச எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 1960களில் அவர்களில் பலரைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம்தான் சாட்ஸ்வொர்த். 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் வந்த பிறகுதான் தனியார் ஊழியருக்கும் அரசு ஊழியருக்கும் ஒரே சட்டம் என்றானது.

[திரையில்: சம்பளச் சீட்டு.]

சரி, சம்பள விஷயம். அரசும் சங்கங்களும் பொதுச் சேவைப் பேரவையில் உட்கார்ந்து பேசி உடன்பாடு போடும். சங்கம் எப்போதும் ஜெயித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் மூன்று வருட உடன்பாடு கையெழுத்தானது. மூன்றாம் வருட உயர்வை 2020இல் அரசு கொடுக்கவில்லை. சங்கங்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயின. பணத்துக்கு முறையான ஒப்புதல் இல்லாமல் போட்ட உடன்பாடு செல்லாது என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது பெரிய அடி. வேலைநிறுத்தமும் எல்லோருக்கும் திறந்த வழி இல்லை. அத்தியாவசியச் சேவை என்று அறிவித்த வேலைகளில் இருப்பவர்கள் இறங்க முடியாது, போலீஸும் அதில் சேர்த்தி.

அப்புறம் ஒரு விஷயம். கடிதம் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். சேர்வதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினையைச் சங்கம் எடுக்க மறுக்கலாம். படிவத்தை ஷாப் ஸ்டூவர்ட்டிடம் வாங்கி நிரப்பிக் கொடுங்கள். சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படும். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் சந்தாப் பிடித்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு துறைக்கு மாறினாலும் மறுபடி பாருங்கள். பிடித்தம் நின்றிருந்தால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லிவிடுங்கள்.