வட்டக் கோட்டைக்குள் ஒரு நீள வீடு

அவையோருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் ஹெப்ரிடீஸ் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வடக்கு யூயிஸ்ட். அதன் வரைபடத்தைப் பார்த்தால் நிலம் எது, நீர் எது என்று கண் தடுமாறும். அத்தனை ஏரிகள்! ஏரிகளுக்குள் சின்னச் சின்னத் திட்டுகள். புதிய கற்காலத்திலேயே அந்தத் திட்டுகளில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு திட்டில் நிற்பதுதான் டூன் அன் ஸ்டிகிர். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்புக்காலக் கோட்டை வீடு. இந்த வகையை அங்கே ‘ப்ரோக்’ என்பார்கள். வட்டமான கல் கோபுரம். சாந்தே கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கியதுதான். ஒரு சுவருக்குப் பதில் இரண்டு சுவர்கள், நடுவில் இடைவெளி, அந்த இடைவெளிக்குள்ளேயே சுற்றி ஏறும் படிக்கட்டு. குறுக்கே பலகைக் கற்களைப் போட்டு இரண்டு சுவரையும் பிணைத்துவிடுவார்கள். இதனால் பாரமும் குறையும், உயரமும் கிடைக்கும். ஷெட்லாந்தில் உள்ள மூஸா கோபுரம் இன்றும் சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

டூன் அன் ஸ்டிகிர் அவ்வளவு உயரமாக இப்போது இல்லை. ஆனாலும் எனக்கு மூஸாவைவிட இதன்மேல்தான் பிரியம். ஏன் என்று சொல்கிறேன்.

கோபுரம் கட்டியவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழித்து, இடைக்காலத்தில் யாரோ இந்த இடிபாட்டுக்குள் வந்து ஒரு வீடு கட்டினார்கள். வட்டச் சுவருக்குள்ளே நீள்சதுரமான கூடம்! பழைய வட்டத்தை அவர்கள் இடித்துத் தள்ளவில்லை, தங்கள் வீட்டை அதற்காக வளைக்கவும் இல்லை. கல் அங்கேயே கிடக்கிறது. தண்ணீர் சுற்றிலும் காவல் நிற்கிறது. உள்ளே போகக் கல் பாதை ஒன்றுதான்: கரையிலிருந்து முதலில் ஒரு பெரிய திட்டு, அங்கிருந்து இந்தச் சின்னத் திட்டு. வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலுக்கு வருமுன்பே கண்ணில் பட்டுவிடுவார். புதிதாக ஒரு கோட்டைக்கு இடம் தேடினாலும் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்குமா?

இத்தகைய இடங்களைப் பற்றிப் பேசும்போது இரும்புக்காலத்துக்குப் பத்துப் பக்கம், பின்னால் வந்தவர்களுக்கு ஒரு வரி என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கூடத்தில் அடுப்பு மூட்டியவர்களுக்கும் அது சொந்த வீடுதான்.

ஐலா தீவில் ஃபின்லகன் ஏரியிலும் இதே கதை. தீவுகளின் பிரபுக்களான மெக்டொனால்டுகள், 1493-இல் அவர்களின் ஆட்சியுரிமை பறிபோகும்வரை, அங்கிருந்துதான் ஆண்டார்கள். அவர்களின் சபை கூடிய சிறு திட்டுக்கு ‘ஆலோசனைத் தீவு’ என்று பெயர். அதன் அடியிலும் பழைய கோட்டை ஒன்றின் எச்சங்கள் இருக்கின்றன.

சரி, டூன் அன் ஸ்டிகிருக்குத் திரும்புவோம். அங்கே கடைசியாக ஒளிந்திருந்தவர் ஹியூ மெக்டொனால்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. தன் குலத்தலைவர் டொனால்டு கோர்மைக் கொல்லச் சதி செய்தார் என்பது அந்த ஊர் மரபுக் கதை. தலைவருக்கு ஒரு பாசக் கடிதம், கூட்டாளிக்கு ஒரு சதிக் கடிதம் என இரண்டு எழுதினாராம். இரண்டும் ஆள் மாறிப் போய்விட்டன. அப்புறம் இந்தத் திட்டுதான் புகலிடம். கோட்டையின் பெயருக்கே ‘பதுங்குபவனின் கோட்டை’ என்று பொருள் சொல்கிறார்கள். பக்கத்துத் திட்டின் பெயர் இன்னும் வேடிக்கை: ‘தீய ஆலோசனைத் தீவு’.

கடைசியில் பிடித்துவிட்டார்கள். ஸ்கை தீவின் டன்டுல்ம் கோட்டைக்குக் கொண்டுபோய், நிலவறையில் அடைத்து, உப்பிட்ட இறைச்சியைக் கொடுத்துத் தண்ணீர் கொடுக்காமல் விட்டார்களாம். சுற்றிலும் நீரை அரணாக வைத்து வாழ்ந்தவர், தாகத்தால் செத்தார்.

அவருக்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் குடியேறவில்லை. கல் பாதை மட்டும் இன்னும் இருக்கிறது. பார்த்து நடந்தால் கோபுர வாசல்வரை போகலாம்.