லூப் சாலை மீன் அங்காடி: கட்டியாயிற்று, கேட்டார்களா?

பெரியோர்களே, தாய்மார்களே,

சென்னை மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் லூப் சாலையோரம் 366 கடைகளோடு நிற்கும் நவீன மீன் அங்காடியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இவ்வளவு செலவு செய்து கட்டிக் கொடுத்த பிறகும் மீன்காரப் பெண்களுக்கு என்ன மனக்குறை என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

விடியலில் ஃபைபர் படகு கரையேறும். மணலிலேயே ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்த பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து ரோட்டோரம் பலகை போடுவார். பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் பக்கம் வண்டியில் போகிறவர் சங்கராவின் பளபளப்பைப் பார்த்து நிறுத்துவார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பேரம் பேசுவார். மீன் வாங்கவென்றே வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவர் ஞாயிற்றுக்கிழமைக்காரர். மற்ற நாளில் அந்தப் பெண் வீட்டு அடுப்பு எரிவது வழியில் போகிறவரால்தான். மதியத்துக்குள் தீராத மீனுக்கு விலை இறங்கும், ஐஸ் காசு ஏறும். இந்த வியாபாரத்தைக் கொண்டுபோய்க் கட்டடத்துக்குள் வரிசை வரிசையாக உட்காரவைத்தால், உள்வரிசையில் இடம் விழுந்தவர் யாரை நம்பிக் கூடையை இறக்குவார்? வரைபடம் போடுமுன் அந்தப் பெண்களை உட்காரவைத்து ஒருநாள் பேசியிருந்தால் இதையெல்லாம் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் அவர்களுக்கு என்றைக்கோ கிடைத்திருக்க வேண்டியவை.

2023 ஏப்ரலில் நடந்ததை மறக்க முடியுமா? லூப் சாலையில் போக்குவரத்து நெரிசல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அப்புறப்படுத்தியது. மீனவர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிற மாதம் அது; சிறு படகுக்காரர்கள் நாலு காசு பார்க்கிற காலம். அந்த நேரத்தில் பலகையைப் பறித்தால் வயிறு எரியாதா? குப்பம் முதலில் இருந்தது, இந்தச் சாலை பிறகு வந்தது. அப்படியிருக்க ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு!

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. 1985-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரங்களை அகற்றினார்கள். அது துப்பாக்கிச்சூடு வரை போய் மீனவர் உயிர்கள் பறிபோயின. அழகுபடுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே நொச்சிக்குப்பத்துப் பெரியவர்கள் முகம் மாறுவது அதனால்தான்.

கடற்கரையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மத்திய அரசு வகுத்த 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் வாழ்வாதாரப் பாதுகாப்பைத் தன் நோக்கங்களில் முதலாவதாகச் சொன்னது. படகு நிறுத்தும் மணல், வலை உலர்த்தும் இடம், ஏலம் போடும் இடம், மீன் விற்கும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாழ்வாதாரம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள் என்றால் தொழில் நடக்காது.

ஆகவே மாநகராட்சியிடம் கேட்கிறோம். அங்காடி நிர்வாகத்தை விற்கும் பெண்களின் குழுவிடம் கொடுங்கள். உள்வரிசை, வெளிவரிசை இடங்களைச் சுழற்சி முறையில் மாற்றட்டும். காலை நேரத்திலாவது சாலையின் மேற்கு ஓரத்தில் விற்க விடுங்கள். கிழக்கே இருக்கும் மணலைக் குப்பத்தின் பொது இடம் என்று கடலோர வரைபடத்தில் எழுத்தில் குறியுங்கள். அந்த வரைபடத்தைத் தமிழில் அச்சடித்து அங்காடி வாசலிலேயே ஒட்டுங்கள்.