அழுத்தமானி காட்டுவது வெப்பநிலையைத்தான்

நேயர்களுக்கு வணக்கம். கோடை தொடங்கியதும் டர்பன் நகரத்து நம் வீடுகளில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு: "ஏசி குளிரவில்லை, கேஸ் குறைந்திருக்கும், ஆளைக் கூப்பிட்டுப் போடச் சொல்ல வேண்டும்." சென்ற ஆண்டும் போட்டிருப்பார்கள், அதற்கு முந்தைய ஆண்டும் போட்டிருப்பார்கள். ஆனால் குளிரூட்டிக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய செப்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது அது. அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் மேலும் போடுவது வேலையே அன்று.

இன்னும் அடிப்படையான கேள்வி, அது உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பது. அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. என்னிடம் தொழில் கற்க வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வதும், கடைசி நாளன்று மறுபடி சொல்வதும் இதுதான்.

மின்வெட்டுக் காலத்தில் நம்மில் பலர் வீட்டில் கேஸ் அடுப்பு வைத்துக்கொண்டோம். அந்த உருளையில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அறிய அதைத் தூக்கிப் பார்க்கிறோம், அல்லது எடை போடுகிறோம். காரணம், உள்ளே கொஞ்சமேனும் திரவம் இருக்கும் வரை அழுத்தத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது வெப்பநிலையே, அளவு அன்று. குளிரூட்டியின் கேஸும் அப்படியே. பழைய பெட்டிகளில் உள்ள ஆர்-22 என்னும் கேஸ் ஐந்து டிகிரி செல்சியஸில் இருந்தால் அழுத்தமானி ஏறக்குறைய 483 கிலோபாஸ்கல் காட்டும். 30 டிகிரிக்கு ஏறினால் 1,090 அளவுக்குப் போகும். உருளை நிறைந்திருந்தாலும், அடியில் சிறிதளவே இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஆர்-410ஏ என்னும் இன்னொரு வகைக் கேஸ் என்றால் அதே ஐந்து டிகிரிக்கு 830 வரை வரும். எனவே முள் 483இல் நிற்கிறது என்றால், ஆர்-22 உள்பெட்டியின் சுருளில் ஐந்து டிகிரியில் கொதிக்கிறது என்றே படிக்க வேண்டும். நல்ல அழுத்தமானியின் முகப்பில் ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனி வெப்பநிலைக் கோடுகள் போட்டிருப்பதும் இதற்காகத்தான்.

தைப்பூசக் காவடி நெருங்கிய ஒரு சனவரி மாதத்தில், ஒரு கோயில் மண்டபத்துக் குளிரூட்டியைப் பார்க்க அழைத்தார்கள். கேஸ் போட்டால் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. பெட்டி ஆர்-22 வகை. முள் 340இல் நின்றது. அதாவது சுருள் சுழியத்துக்குக் கீழே மூன்றரை டிகிரியில் இருந்தது, பனிக்கட்டியும் பிடித்திருந்தது. கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும், காற்று ஓட்டம் குறைந்தாலும் இப்படித்தான் ஆகும். இரண்டையும் பிரித்துக் காட்ட இன்னொரு அளவு வேண்டும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாயில் வெப்பமானியைப் பிடித்து வைத்து, வெளிக்காற்று படாதபடி மேலே நுரைத்துணி சுற்றி, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். குழாய் சுழியத்துக்குக் கீழே இரண்டு டிகிரி காட்டியது. கொதிக்கும் வெப்பநிலைக்கும் குழாயின் வெப்பநிலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் சூப்பர்ஹீட் என்கிறோம். இங்கே அது ஒன்றரை டிகிரி மட்டுமே. கேஸ் குறைந்திருந்தால் சுருளின் பாதி வழியிலேயே திரவம் முழுவதும் ஆவியாகி, அந்த ஆவி மேலும் சூடேறி, வேறுபாடு பத்து, பதினைந்து டிகிரி என்று போயிருக்கும். இங்கே திரவம் ஆவியாகப் போதிய காற்றே கிடைக்கவில்லை. வடிகட்டியைக் கழற்றினால், கற்பூரப் புகையும் சாம்பிராணியும் விளக்குக் கரியும் தூசியோடு சேர்ந்து கம்பளித் துணி போல அடைத்திருந்தன. கழுவி, பனியைக் கரையவிட்டு ஓட்டியதும் முள் தானாகவே மேலேறியது. ஒரு கிராம் கேஸ்கூடச் சேர்க்கவில்லை. முன்பு சொன்னபடி சேர்த்திருந்தால், பின்னொரு நாள் யாராவது வடிகட்டியைக் கழுவியபோதும் அந்த மிகுதி உள்ளேயே இருந்து வெளிப்பெட்டியின் அழுத்தத்தை ஏற்றியிருக்கும். கம்ப்ரசருக்குத் திரவம் திரும்பி அது பழுதாகவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் பிள்ளைகள் பலர் டர்பனில் தொழில் கற்றுக்கொண்டு ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போகிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். கடலோரமான நம் டர்பனில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், அங்கே 83 அளவுக்குத்தான் இருக்கும். அழுத்தமானி சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும் என்பதால், அதே ஐந்து டிகிரி ஆர்-22க்கு அங்கே 483க்குப் பதிலாக 501 வரும். எந்த அழுத்தத்துக்கு எந்த வெப்பநிலை என்று காட்டும் கடற்கரை அட்டவணையை அங்கே அப்படியே வைத்துப் பார்த்தால் ஒரு டிகிரி பிசகும். சூப்பர்ஹீட்டே ஐந்து டிகிரி என்னும் இடத்தில் ஒரு டிகிரி சிறிய பிழை அன்று. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும்போதும் அங்கே முள் கழித்தல் 83ஐத் தாண்டாது. பம்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைப் பிரித்துப் போட்ட பிள்ளைகள் உண்டு. பம்பில் குறையில்லை. உறிஞ்சுவதற்கு அந்த ஊரில் அவ்வளவு காற்றழுத்தம்தான் இருக்கிறது.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். வெளிப்பெட்டியில் அளக்கும் சப்கூலிங் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், வெளிப்பெட்டியின் சுருளான கண்டென்சரில் திரவமான கேஸ் அதற்குப் பின் எத்தனை டிகிரி குளிர்கிறது என்பதே அது. கேஸ் குறைந்தால் அது சுருங்கும், மிகுந்தால் பெருகும். ஆர்-407சி போன்ற கலவைக் கேஸ்களுக்கு ஒரே அழுத்தத்தில் இரண்டு வெப்பநிலைகள் உண்டு. அட்டவணையில் சூப்பர்ஹீட்டுக்கு ஆவி நிரலையும் சப்கூலிங்குக்குத் திரவ நிரலையும் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள், வேலைக்கு வருபவர் கேஸ் குறைவு என்று சொன்னால், குழாயின் வெப்பநிலையை அளந்தாரா என்று கேளுங்கள், அந்த எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.