வால் முளைத்துவிட்டது! ஸ்வொல்லே ஆர்கனும் என் 64 ஜிபி ராமும்

முதலில் இதைக் கேளுங்கள். கட்டையைச் சட்டென்று தட்டிவிட்டுக் கையை எடுக்கிறேன்... கேட்டதா? இப்போது அதே கட்டையை நான்கு நொடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுகிறேன்... விட்ட பிறகு நீளும் எதிரொலி, அதாவது வால், வேறு மாதிரி இல்லை? போன வீடியோவில் "கிணற்றுக்குள் மணி அடித்த மாதிரி இருக்கிறது" என்று புலம்பினேனே, அந்தக் கிணற்றைத் தூர்த்தாயிற்று.

புதிதாக வந்தவர்களுக்கு: இது நெதர்லாந்தில் ஸ்வொல்லே நகரத்துப் புனித மிக்கேல் தேவாலய ஆர்கன், குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கிற கருவி. ஆர்கன் செய்பவரான ஆர்ப் ஷ்னிட்கர் 1719ல் இறந்த பிறகு அவருடைய மகன்கள் 1721ல் முடித்த கருவி. நான்கு அடுக்குக் கட்டைகள், 64 ஸ்டாப்புகள் (ஒரு ஸ்டாப்பை இழுத்தால் ஒரு வகைக் குழாய் வரிசை ஒலிக்கும்). என் மேசையில் இருப்பதோ நீங்கள் பார்த்துச் சலித்த அதே இரண்டடுக்கு மிடி கீபோர்டு, கணினியோடு இணைக்கிற வகை. ஒலி முழுக்க ஹாப்ட்வெர்க் என்ற ஆர்கன் மென்பொருளில் ஓடும், அந்த நிஜ ஆர்கனின் பதிவுகள்.

இந்தப் பதிவு என்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒரு ஸ்டாப்பை இழுத்து, ஒரு கட்டையை அழுத்தி, சில நொடி பதிந்து, விட்டு, எதிரொலி முழுக்க அடங்கும் வரை மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். பிறகு அடுத்த கட்டை. ஒரு ஸ்டாப்புக்கு ஐம்பது கட்டை என்று வைத்து 64ஆல் பெருக்குங்கள். காலால் வாசிக்கிற பெடலுக்குக் கட்டை குறைவு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தெருவில் வண்டி ஓயும் ராத்திரியில்தான் இதெல்லாம் நடக்கும்.

அதோடு முடிந்ததா? குட்டியாகத் தட்டினால் கோயில் முழுக்க ஒலி நிரம்பாது, எதிரொலியும் சின்னது. நீளமாகப் பிடித்தால் கூரை வரை நிரம்பி, விட்ட பிறகும் உருண்டுகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டைக்கும் குட்டை, நடு, நீளம் என்று மூன்று வால் பதிவார்கள். என் கணினியின் பழைய 16 ஜிபி ராமில் மூன்றையும் ஏற்ற இடமில்லை. நீள வாலை மட்டும் ஏற்றி வாசித்தேன். தட்டின ஒவ்வொரு சுரத்துக்கும் பெரிய எதிரொலி. அதுதான் அந்தக் கிணறு.

சரி, 64 ஜிபி ராம் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், ஆறு மாதம் முன்பு விசாரித்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! 29,500 ரூபாய். அரை மணி நேரம் பேரம் பேசி 500 ரூபாய் குறைத்தேன், கூட ஒரு மவுஸ்பேட் கொடுத்தார்கள். எனக்கு எதற்கு மவுஸ்பேட்? இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அதை இப்போது காபி டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எதிரொலியே இல்லாமல் குழாய்க்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்து, பிறகு செயற்கை எதிரொலி சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஆகவே ஆகாது. பாயசத்தில் எசென்ஸ் ஊற்றுகிற வேலை.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். குழாய்களுக்குக் காற்று அனுப்பும் மோட்டார் இருக்கிறதே, அதன் இரைச்சல் ஒவ்வொரு பதிவிலும் ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே விட்டால், இருபது குழாய் ஒன்றாக ஒலிக்கும்போது இருபது மோட்டார் ஓடுகிற மாதிரி கேட்கும். அதனால் ஒவ்வொரு பதிவிலிருந்தும் இரைச்சலை உருவி எடுத்துவிட்டு, மோட்டார் சத்தத்தைத் தனியாக ஒரே ஒரு தடவை சேர்த்து வைப்பார்கள். கட்டைகளின் 'டக்' சத்தமும் தனிப் பதிவு. அந்த 'டக்' இல்லாமல் என்னால் வாசிக்கவே முடியாது.

இப்போது ஸ்டாப்புகளைத் திறந்து முழுசாக வாசிக்கப்போகிறேன், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்... பின்னால் என்ன சத்தம்? அடடா, இவ்வளவு நேரம் என் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்துவிட்டு வருகிறேன்.